கோரிமேட்டு இறக்கம்

வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொன்றே காலுக்குச் சாரத்து வீட்டுக்குள் நுழைந்த ராஜாம்பாள், சைக்கிள் சாவியை ஆணியில் மாட்டும் முன்பே அறிவித்துவிட்டாள்.

"இன்னிக்குக் கோரிமேட்டுல ஏறி உக்காந்தவதான்யா. சாரம் வந்து நம்ம வாசல்ல எறங்குற வரைக்கும் ஒரு மிதி மிதிக்கல. ஒரே ஒரு மிதி! காலு ரெண்டும் பெடலு மேல விருந்தாளி மாதிரி சும்மா உக்காந்துக்கினு வந்துது."

கருவாட்டுக் குழம்பைச் சுட வைத்துக்கொண்டிருந்த அவள் புருஷன் கோவிந்தராசு அடுப்பை விட்டுத் திரும்பவில்லை.

"நாலு கிலோமீட்டரு," என்றார் குழம்பைப் பார்த்து.

"நாலுதான். நானு நாப்பதுன்னா சொன்னேன்?"

"நடுவுல ராஜீவ் காந்தி சிக்னலு இருக்குதா இல்லியா?"

"இருக்குது. அந்நேரத்துக்கு அது தூங்கிடுது. மஞ்சக் கண்ண மட்டும் சிமிட்டிக்கினு கெடக்குது."

"ஸ்பீடு பிரேக்கரு?"

"ஏறி எறங்குச்சு. கோரிமேடுன்னு சும்மாவா பேரு வச்சாங்க? மேடுன்னு ஒண்ணு இருந்தா எறக்கம்னு ஒண்ணு இருக்காதா? பின்னாலேருந்து காத்து வேற. கப்பலு மாதிரி வந்துதுய்யா."

"கப்பலு," என்றார் கோவிந்தராசு. "கைய கழுவிட்டு உக்காரு. சோறு போடுறேன்."

ஒன்பது வருஷமாக இதுதான் நடக்கிறது. கோவிந்தராசு வேலை பார்த்த மில் மூடிய பிறகு ராஜாம்பாள் கோரிமேட்டில் ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் தமிழ்மாறன் மெஸ்ஸில் மாலைச் சமையலுக்குப் போகிறாள். மூன்று மணிக்குப் போனால் பத்தே முக்காலுக்குத்தான் கிளம்புவாள். போகும்போது ஏற்றம், வெயில், டிராபிக். அதைப் பற்றி அவள் வாய் திறந்ததே இல்லை. வரும்போதுதான் சரக்கு வரும். இந்த ஒன்பது வருஷத்தில் சைக்கிள் கேரியரில் வைத்து அவள் வீட்டுக்குக் கொண்டுவந்த அதிசயங்களை அடுக்க ஒரு குடோன் போதாது. தட்டாஞ்சாவடியில் நாற்பத்திரண்டு நாய்கள் இரண்டு வரிசையாக நின்று அவளுக்கு வழிவிட்டிருக்கின்றன. ஓர் ஆந்தை ஹேண்டில் பாரில் உட்கார்ந்து ராஜீவ் காந்தி சிக்னல் வரை ஓசிச் சவாரி வந்து, அங்கே சென்னை பஸ்ஸுக்கு மாறிக்கொண்டிருக்கிறது. ஒரு பௌர்ணமியன்று நிலா அவள் சைக்கிள் பெல்லில் மாட்டிக்கொண்டு, வீடு வரும்வரை வெளியே வரமுடியாமல் தவித்திருக்கிறது.

கோவிந்தராசு இதில் ஒன்றைக்கூட நம்பியவர் இல்லை. இருபத்தாறு வருஷம் மில்லில் நூற்புப் பகுதியில் நின்றவர். அறுந்த இழையைக் கண்டுபிடித்து முடிந்துவிடுவதுதான் வேலை. இழை அறுந்திருக்கும், அல்லது அறாமல் இருக்கும். கொஞ்சம் அறுந்தது என்று ஒன்று அவர் கண்ட வரைக்கும் கிடையாது. அந்தப் பஞ்சுத் தூசி நெஞ்சில் தங்கிவிட்டதால் இப்போது ஏறி இறங்கும் வேலைகள் ஆகாது. மகளைத் திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. அவர் ராத்திரிச் சமையலைப் பார்த்துக்கொண்டு, பத்தரை மணியிலிருந்து தெருவில் விழும் சைக்கிள் சத்தத்தைக் காதால் தேடிக்கொண்டிருப்பார்.

சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினார். கருவாட்டின் நல்ல துண்டாகப் பார்த்து அவள் தட்டில் வைத்தார். பிறகு, குழம்பு ஊற்றிய அதே குரலில் சொன்னார்:

"தமிழ்மாறன் லோடு ஆட்டோ வாங்கிட்டானாம். மெஸ்ஸ சாத்திட்டுப் பாத்திரத்த ஏத்திக்கினு வரப்ப உங்க அஞ்சு பேரையும் வீட்டாண்ட எறக்கி வுட்டுடுவானாம். போன் பண்ணியிருந்தான். திங்கக்கெழமையிலேருந்து நீயும் வருவேன்னு சொல்லிட்டேன்."

ராஜாம்பாளின் கை சோற்றில் நின்றது.

"யாரக் கேட்டு?"

"கொளஞ்சிகிட்டயும் சொல்லிட்டேன். ஞாயித்துக்கெழம காலையில இனியா வந்து சைக்கிள எடுத்துக்கினு போவுது. அதுக்கும் காலேஜிக்குள்ள சுத்தறதுக்கு வேணுமாம்."

கொளஞ்சி, கோவிந்தராசுவின் தம்பி. காலாப்பட்டில் இருக்கிறான். அவன் மகள் இனியா அங்கேயே பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். ராஜாம்பாளுக்கு அந்தப் பெண் மேல் உயிர். வேறு எதைக் கேட்டிருந்தாலும் கழற்றிக் கொடுத்திருப்பாள்.

"அது என் சைக்கிளுய்யா."

"போன வாரம் பன்னெண்டு பத்துக்கு வந்தியே, அன்னிக்கும் அது உன் சைக்கிளுதான்."

போன வாரம் பேய் மழை. தட்டாஞ்சாவடி டீக்கடைக்காரர் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, மழை விடும் வரை போகவிடவில்லை. செல்போன் உயிரை விட்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும், மழையில் சைக்கிள் மிதந்தது என்றும் துடுப்புப் போட்டு வந்தேன் என்றும் சொன்னாள். காலையில் பெருக்கும்போதுதான் கதவு மூலையில் குடையும், முழங்கால் வரை சேறான அவருடைய வேட்டியும் இருப்பதைப் பார்த்தாள். இந்த நெஞ்சை வைத்துக்கொண்டு மனுஷன் தெருமுனையில் எவ்வளவு நேரம் நின்றாரோ. அதை அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அவர் பயம் அவளுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அந்த ராத்திரி நாலு கிலோமீட்டரை அவள் எப்படி விடுவாள்? மெஸ்ஸுக்கு வருகிறவர்கள் எல்லாம் ஆஸ்பத்திரியில் ஆளைப் படுக்கவைத்துவிட்டு வருகிறவர்கள். விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை என்று பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிறார்கள். இடியாப்பம் பிழிந்துகொண்டே அவள் காது அத்தனையும் கேட்கும். யாருக்குக் காலை எடுக்கச் சொன்னார்கள், யார் குழந்தை கண் திறக்கவில்லை, யார் வீட்டுக்கு என்ன சொல்லி போன் பண்ணுவது என்று தெரியாமல் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பத்தே முக்காலுக்கு அவள் சைக்கிளில் ஏறும்போது அந்த ஆஸ்பத்திரி முழுக்கக் கேரியரில் இருக்கும். இறக்கத்தில் காற்று அடிக்க அடிக்க ஒவ்வொன்றாக இறங்கும். புளியமரத்து இருட்டில் கொஞ்சம், தட்டாஞ்சாவடி பட்டறைகளின் இரும்பு வாசனையில் கொஞ்சம், யாருமில்லாத சிக்னலில் மிச்சம். பகலெல்லாம் ஹாரனும் புகையுமாகத் திட்டித் துரத்துகிற அந்த ரோடு, அந்நேரத்துக்குக் குளித்துவிட்டு அவளுக்காகக் காத்திருப்பதுபோல அகலமாகப் படுத்திருக்கும். சாரம் வரும்போது கேரியர் காலி. அந்தக் காலி இடத்தில்தான் ஆந்தையும் நிலாவும் ஏறிக்கொள்ளும். லோடு ஆட்டோவில் ஐந்து பெண்கள் பாத்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்து அதே வியாதிகளைப் பேசிக்கொண்டு வந்தால், எதை எங்கே இறக்குவது?

இதையெல்லாம் எடுத்துச் சொல்ல அவளுக்கு வராது. வாய்க்கு வந்தது வேறு.

"நீ பொறாமைல பண்றய்யா. நானு மிதிக்காம வந்தேன்னு சொன்னது உனக்குத் தாங்கல."

"புளுகு."

"நம்பலன்னா வந்து பாரு! நாளைக்கு மெஸ்ஸாண்ட வா. என் பின்னால கேரியர்ல உக்காரு. ஒரு மிதி மிதிச்சேன்னா, ஞாயித்துக்கெழம நானே சைக்கிளத் தொடச்சு இனியா கையில குடுக்கறேன்."

"மிதிக்கலன்னா?"

"ஆட்டோவும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. நானு சைக்கிள்லதான் வருவேன், நீ வாயத் தெறக்கக் கூடாது."

கோவிந்தராசு தட்டை எடுத்து வைத்தார். "சரி," என்றார்.

படுத்த பிறகுதான் ராஜாம்பாள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அவளுக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இருந்தது. வெள்ளிக்கிழமை ராத்திரி அவள் மிதித்திருந்தாள். எண்ணியே வைத்திருந்தாள். மொத்தம் பதினோரு மிதி. ஸ்பீடு பிரேக்கரில் இரண்டு, சிக்னலைத் தாண்டும் இடத்தில் ஏழு, தெரு திரும்பும்போது இரண்டு. நாலு கிலோமீட்டருக்குப் பதினோரு மிதி என்பதே உலக அதிசயம்தான். ஆனால் பதினொன்று என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்காதே என்று ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கே கிளம்பிவிட்டாள். கோரிமேட்டு சைக்கிள் கடையில் நிறுத்தி, செயினுக்கு எண்ணெய், இரண்டு சக்கரத்துக்கும் கல்லு மாதிரி காற்று. "இதுக்கு மேல அடிச்சா டியூபு வெடிக்கும்மா," என்றான் கடைக்காரன். "வெடிக்காது, இன்னும் ரெண்டு அடி," என்றாள். பிரேக் கட்டைகள் உரசுகின்றனவா என்று சக்கரத்தைச் சுற்றவிட்டுக் காதை வைத்துக் கேட்டாள். மெஸ்ஸில் கூட வேலை செய்யும் ஞானமேரியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள். ஞானமேரி தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டாள்.

"பதினோரு மிதியாக்கா? இப்ப அண்ணன் வேற பின்னால உக்காந்தா இருவத்திரண்டு ஆவும்."

"அதான்டி பயமா இருக்குது."

"பேசாம உண்மைய ஒத்துக்கோங்க. நாளைக்குப் பூசையில நானு உங்களுக்காக ஒரு மெழுகுவத்தி ஏத்தறேன்."

"நாளைக்கு ஏத்தி? எனக்கு இன்னிக்கு ராத்திரிக்கு வேணும்டி!"

எட்டரை மணிக்குக் கோவிந்தராசு பஸ்ஸில் வந்து இறங்கினார். பனி ஆகாது என்று பெரிய பூப்போட்ட பெட்ஷீட்டைப் போர்த்தியிருந்தார். மெஸ்ஸில் கூட்டம் நெரிந்தது. ஒன்பது வருஷத்தில் அவர் அங்கே வருவது முதல் தடவை. ஒரு ஓரமாக உட்கார்ந்தார். ராஜாம்பாள் இடியாப்பத் தட்டை இறக்குவதும் ஏற்றுவதும் ஆவியில் மறைவதும் வெளிப்படுவதுமாக இருந்தாள். பெண்டாட்டியை ஆவிக்குள் தேடித்தேடிப் பார்த்தார் அவர்.

தூக்குப் பாத்திரத்தோடு ஒரு பெரியவர் வந்து நின்றார்.

"உப்பு போடாத கஞ்சிம்மா. உப்பு வேணாம்னுட்டாரு டாக்டரு."

"தெரியும் பெரியவரே. ஒங்களுதத் தனியா எடுத்து வச்சிட்டேன். இன்னிக்கு எப்பிடி இருக்குறாங்க?"

"எழுந்து உக்காந்தாம்மா. 'அந்தக் கஞ்சிக்காரம்மாவ ஒரு தடவ பாக்கணும்'னு சொல்றா."

"நடக்க முடிஞ்சதும் இட்டுக்கினு வாங்க. உப்பு போட்டே தரேன்."

பெரியவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். கோவிந்தராசு தலையைக் குனிந்து இடியாப்பத்தில் தேங்காய்ப்பாலை ஊற்றிக்கொண்டார். தட்டு காலியான பிறகும் எழுந்திருக்கவில்லை.

பத்தே முக்காலுக்கு ஷட்டர் இறங்கியது. புது லோடு ஆட்டோ வாசலில் நின்றது, நெற்றியில் சந்தனம் குங்குமத்தோடு. தமிழ்மாறன், "ராஜாம்மா, ஏறுங்க. அண்ணே, நீங்க முன்னால என் பக்கத்துல," என்றான்.

"ஆட்டோ இருக்கட்டும்," என்ற கோவிந்தராசு சட்டைப் பையிலிருந்து ஒரு நூல் உருண்டையை எடுத்தார். எல்லோரும் பார்த்தார்கள். அவர் சைக்கிள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பெடல் தண்டையும் சைக்கிள் பாரையும் சேர்த்து, ஒரு சாண் தளர்வு விட்டு, இழையைக் கட்டினார். மில்லில் போடும் அதே முடிச்சு. விரல்கள் இரண்டு தரம் அசைந்தன, அவ்வளவுதான்.

"நாப்பதாம் நம்பர் நூலு," என்றார். "ஒரு மிதி மிதிச்சா படக்குனு அந்துடும். அப்புறம் நாப்பத்திரண்டு நாயி சாட்சி சொன்னாலும் செல்லாது."

விஷயம் தெரிந்ததும் தமிழ்மாறனுக்கு ஆட்டோ மறந்துவிட்டது. "காலு தரையில ஊணலாமாண்ணே?"

"கூடாது."

"பிரேக்கு?"

"புடிக்கலாம். புடிச்சா நஷ்டம் அவளுக்கு."

"அப்பறம் எப்பிடித்தான் கெளம்பறது?" என்று ஞானமேரி சண்டைக்கு வந்தாள். "அந்தச் சைக்கிளு இன்னா சாமித் தேரா, தானா நவுர்றதுக்கு?"

கோவிந்தராசு யோசித்தார். "மொதல்ல ஒரு தள்ளு தள்ளலாம். ஒண்ணுதான்."

பஸ் ஸ்டாண்டில் பாய் விரித்துப் படுத்திருந்த நோயாளிகளின் சொந்தக்காரர்களெல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள். ராஜாம்பாள் கணக்கில் முன்னூறு பேர்; உள்ளபடியே பதினைந்துக்குக் குறையாது. தூக்குப் பாத்திரப் பெரியவரும் இருந்தார். ராஜாம்பாள் ஏறி உட்கார்ந்தாள். கோவிந்தராசு பெட்ஷீட்டோடு கேரியரில் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தார். தமிழ்மாறனும் ஞானமேரியும் சேர்ந்து தள்ளிய தள்ளில் சைக்கிள் ரோட்டில் பாய்ந்தது. "மாதாவே!" என்று ஞானமேரி கத்துவது பின்னால் கேட்டது.

முதல் இறக்கத்திலேயே ராஜாம்பாளுக்கு ஒரு வித்தியாசம் தெரிந்தது. இவர் பின்னால் உட்கார்ந்தால் சைக்கிள் இழுக்கும் என்று பயந்தாள். சைக்கிளோ பாரம் ஏறிய மாட்டு வண்டி சரிவில் ஓடுவதுபோல ஓடியது. கல்லாகக் காற்றடித்த சக்கரம் தார் ரோட்டில் மணி அடித்தது. வடமேற்கிலிருந்து வந்த ஈரக்காற்று முதுகில் கை வைத்தது.

"மெதுவா போடி!"

"மெதுவா போவ நானு எங்கய்யா ஓட்டுறேன்? அதுதான் போவுது!"

முதல் ஸ்பீடு பிரேக்கர் வந்தது. வெள்ளிக்கிழமை இரண்டு மிதி வாங்கிய இடம். சைக்கிள் ஏறியது, இருவரையும் ஒரு சாண் தூக்கிப் போட்டது, இறங்கியது. கோவிந்தராசு சீட்டைப் பிடித்திருந்த கையை எடுத்து அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். முப்பத்தைந்து வருஷக் கல்யாணத்தில் நடு ரோட்டில் அவர் அப்படிப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

தட்டாஞ்சாவடியில் நாய்கள் வந்தன. நாற்பத்திரண்டு இல்லை, இரண்டு. ஆனால் வாலை ஆட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் ஓடிவந்தன. ஏதோ ஒரு பட்டறையில் ராத்திரி ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்தது. இரும்பும் எண்ணெயும் கலந்த சூடான வாசனை. கேட்டில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் டார்ச்சைத் தூக்கி ஆட்டினார்.

"ராஜாம்மா, இன்னிக்கு லோடா?"

"ஆமாய்யா, சொந்த லோடு!"

அதற்கடுத்து டீக்கடை. டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவியபடி, "நேரத்துக்கு வந்துட்டியேம்மா!" என்று குரல் கொடுத்தார். பின்னால் உட்கார்ந்திருப்பது யார் என்று பார்த்தவர், "அண்ணே, அன்னிக்கு மழைக்கு நாந்தாண்ணே உக்கார வச்சேன். தப்பா நெனச்சிக்காதீங்க!" என்று ரோட்டுக்கு வந்து கத்தினார். சைக்கிள் நிற்காமல் தாண்டிவிட்டது. பெட்ரோல் பங்கில் ஒரு கை உயர்ந்தது. மருந்துக் கடை ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தவர் கொக்கியை விட்டுவிட்டுக் கும்பிட்டார்.

கோவிந்தராசு திரும்பித் திரும்பி அவர்களைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இத்தினி பேரா இருக்குறாங்க ரோட்டுல?" என்றார் கடைசியில்.

"பின்ன? தனியா வரேன்னு யாரு சொன்னா?"

"நானு இருட்டுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்." கொஞ்சம் பொறுத்து, "ராத்திரியில தெருமுனையத் தாண்டி ஒம்போது வருஷம் ஆவுதுடி," என்றார். அந்தக் குரலில் மில் விட்டு ஷிப்ட் முடிந்து வரும் பழைய கோவிந்தராசு இருந்தார்.

அப்போதுதான் சைக்கிள் தளர்ந்தது. சிக்னலுக்கு முன்னால் ரோடு மட்டமாகிவிடுகிறது. மஞ்சள் விளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. சக்கரத்தின் மணிச்சத்தம் குறைந்து, பேச்சாகி, முணுமுணுப்பாயிற்று. ஹேண்டில் பார் ஆடத் தொடங்கியது. இதுதான் ஏழு மிதி வாங்கிய இடம். ராஜாம்பாளின் கால்கள் தானாகத் துடித்தன. ஒரே ஒரு மிதி. நாப்பதாம் நம்பர் நூல். முடிந்தது, சைக்கிள் காலாப்பட்டுக்குப் போயிற்று.

"நிக்கப் போவுதுய்யா," என்றாள்.

"வுடாத."

"என்னா பண்ணுவேன்? மிதிக்கவா?"

"மிதிக்காத! நேரா புடி, ஆட்டாத, நேரா புடி!"

பின்னால் என்னமோ படபடவென்று அடித்தது. ராஜாம்பாள் திரும்பிப் பார்த்தாள். கோவிந்தராசு போர்வையை உருவி, இரண்டு முனைகளையும் கைகளில் பிடித்துத் தலைக்கு மேல் விரித்திருந்தார். பூப்போட்ட பெட்ஷீட் காற்றை வாங்கிப் பானை மாதிரி உப்பியது. சைக்கிளை யாரோ பின்னாலிருந்து பிடித்துத் தள்ளியதுபோல இருந்தது.

"யோவ்! இது கள்ள ஆட்டம்யா!"

"மிதிக்கக் கூடாதுன்னுதான் பேச்சு! போர்வை விரிக்கக் கூடாதுன்னு எவன் சொன்னான்? நேரா புடிடி!"

சிக்னலில் தனியாக நின்றிருந்த போலீஸ்காரர், மஞ்சள் வெளிச்சத்தில் பெட்ஷீட் விரித்து வரும் கிழவரையும் சைக்கிளையும் பார்த்து விசிலை வாயில் வைத்தார். ஊதவில்லை. குறுக்கே வந்த ஒரு லாரியைக் கை காட்டி நிறுத்தினார். நாலு முனை ரோட்டின் நடுவே ஆடி ஆடி, நிற்பதுபோல் போய், நிற்காமல் சைக்கிள் ஊர்ந்தது. அந்த இருபது கஜத்தைக் கடக்க ஆன நேரத்தில் ஒரு பானை சோறு வடித்திருக்கலாம் என்பாள் ராஜாம்பாள். பிறகு முன்சக்கரம் லேசாகக் கீழே பார்த்தது. சக்கரத்தின் மணி திரும்பக் கேட்டது. காமராஜர் சாலை அவர்களை வாங்கிக்கொண்டது.

கோவிந்தராசு சிரித்தார். மூச்சிரைத்துக்கொண்டு, நடுவில் இருமிக்கொண்டு, போர்வையை இறக்காமல் சிரித்தார். பூட்டிய கடைகளின் ஷட்டர்களில் அந்தச் சிரிப்பு மோதித் திரும்பி வந்தது.

தெரு திரும்பும் இடத்தில் அவர் உடம்பை அவளோடு சேர்த்துச் சாய்த்தார். சைக்கிள் வளைந்து உள்ளே வந்து, வீட்டுக்கு இரண்டு வாசல் முன்னால் தடுமாறி, தங்கள் வாசல் கோலத்தின் மேல் ஏறி நின்றது. நின்ற பிறகுதான் ராஜாம்பாள் தரையில் கால் ஊன்றினாள்.

கோவிந்தராசு இறங்கி, தெருவிளக்கு வெளிச்சத்தில் குனிந்தார். இழையைத் தொட்டுப் பார்த்தார். இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தார். வழியெல்லாம் எண்ணெய் பட்டுக் கறுத்திருந்தது, அறவில்லை. முடிச்சை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

"இன்னாய்யா? ஒண்ணும் சொல்லாமப் போற?"

"வெந்நி வைக்கிறேன். உனக்கும் வேணுமா?"

அவ்வளவுதான். வெந்நீர் குடித்தார், நெஞ்சில் தைலம் தேய்த்துக்கொண்டார், படுத்தார். ஐந்து நிமிஷத்தில் குறட்டை. இப்படி உடனே அவர் தூங்கி எத்தனையோ வருஷம் ஆகிறது. ராஜாம்பாள்தான் தூங்கவில்லை. தோற்ற மாதிரியும் இல்லை, ஜெயித்த மாதிரியும் இல்லை. பெட்ஷீட் விரித்தது செல்லாது என்று காலையில் சொல்லிவிடுவாரோ? இல்லை, வெள்ளிக்கிழமை பதினோரு மிதி மிதித்ததை நாமே சொல்லிவிட்டால் மனசு லேசாகுமோ? இப்படியே புரண்டு புரண்டு விடிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஏழரைக்குக் கொளஞ்சி போன் பண்ணினான். கோவிந்தராசு எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்; தெருவுக்கே கேட்கும். ராஜாம்பாள் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தவள் ஆற்றுவதை நிறுத்தினாள்.

"அண்ணே, இனியா ரெடியாயிட்டா. எட்டரை பஸ்ஸுக்கு வரா. சைக்கிளு ரெடியா இருக்குதா?"

"வரட்டும். வஞ்சிர மீனு வாங்கியாரேன், சாப்ட்டுட்டுப் போவட்டும். சைக்கிளு இல்ல. அவளுக்கு வேற பாத்துக்கலாம்."

"ஏண்ணே? அண்ணி குடுக்க மாட்டேன்னுட்டாங்களா?"

"உங்க அண்ணி குடுக்கறேன்னுதான் சொன்னா. நாந்தான் மாட்டேன்னுட்டேன். சனிக்கெழமையானா நானும் கோரிமேட்டுக்குப் போவணும், அதுலதான் திரும்பி வரணும். நேத்து வந்தோம்டா ரெண்டு பேரும். மெஸ்ஸு வாசல்லேருந்து நம்ம வாசலு வரைக்கும், மிதிக்காம."

"என்னாது, மிதிக்காமயா?"

"மிதிக்காம."

கொளஞ்சி சிரிக்கத் தொடங்கினான். ஸ்பீக்கர் கரகரவென்று அதிர்ந்தது. "அண்ணிகூட இருந்து இருந்து உனக்கும் வந்துடுச்சாண்ணே அந்த வியாதி? ஆந்தை வந்துதா? நிலா மாட்டிக்கிச்சா?"

ராஜாம்பாள் காப்பியோடு வாசற்படிக்கு வந்தாள். பதினோரு மிதி நாக்கு நுனியில் இருந்தது. கோவிந்தராசுவின் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டாள். அவர் நிமிர்ந்து, மில் மேஸ்திரிக்கு முன்னால் நிற்பதுபோல விறைத்து நின்றிருந்தார்.

"டேய் கொளஞ்சி. சிரிக்காத. நானு என்னிக்காவது உங்கிட்ட ஒண்ண ரெண்டுன்னு சொல்லியிருக்கறனா?"

சிரிப்பு நின்றது. "இல்லண்ணே."

"அப்ப கேட்டுக்க. கோரிமேட்டுலேருந்து சாரம் வரைக்கும் உங்க அண்ணி ஒரு மிதி மிதிக்கல. நானு பின்னாலதான்டா உக்காந்துருந்தேன்."